கடன் புத்தகத்தில் கேழ்வரகு: வாசகர் கேள்வி பதில்

மகளிர் குழுக்களின் பொதுச் சேமிப்பைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து பல கடிதங்கள் வந்தன. அவற்றுள் பசியைப் பற்றிக் கேட்டவற்றுக்கு மட்டும் இந்த இதழில் விடை எழுதுகிறேன். பெயரை வெளியிட வேண்டாம் எனப் பலரும் கேட்டுக்கொண்டதால் ஊர்ப் பெயரை மட்டும் குறித்திருக்கிறேன்.

கேள்வி: மகளிர் குழுக்கள் நம் தருமபுரியில்தான் முதலில் தொடங்கின என்று என் அம்மா சொல்கிறார். கல்லூரியில் கேட்டால் வங்காளதேசத்திலிருந்து வந்த முறை என்கிறார்கள். எது சரி? (மாணவி, காரிமங்கலம்)

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை உன் அம்மா சொல்வதே சரி, மகளே. 1983-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989 செப்டம்பரில் முதன்முதலாகக் குழுக்களை அமைத்தது அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரியில்தான் தனி மாவட்டமாகப் பிரிந்தது என்பதால், இந்தப் பெருமையில் இரு மாவட்டத்துப் பெண்களுக்கும் பங்குண்டு. பிறகு சேலம், தென்னாற்காடு, மதுரை, இராமநாதபுரம் என்று விரிந்து, 1997–98-இல் மாநில அரசின் மகளிர் திட்டமாக அது உருவெடுத்தது. இதற்கிடையில் 1992-இல் வேளாண், ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியிருந்தது.

வங்காளதேசத்தில் முகமது யூனுஸ் 1976-இல் தொடங்கிய முயற்சி 1983-இல் கிராமீன் வங்கியாக ஆனது உண்மை. அந்த முறையில் வங்கி கடன் கொடுக்கும், ஐந்து ஐந்து பேராகச் சேர்ந்து பெண்கள் வாங்குவார்கள். நம் குழுக்களில் பெண்கள் முதலில் தங்கள் காசைச் சேர்த்து, அதைத் தங்களுக்குள்ளேயே கடனாகக் கொடுத்துப் பழகிய பிறகுதான் வங்கிப் படியேறினார்கள். உன் ஆசிரியர்கள் இரண்டையும் ஒன்றாகச் சொல்லியிருந்தால், இந்த வேறுபாட்டை மரியாதையோடு எடுத்துச் சொல். பசியைப் பற்றிப் பேசும்போது எல்லாம், பெண்கள் தங்கள் காசைத் தங்களுக்குள்ளேயே கடனாகக் கொடுத்துக்கொள்ளும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

கேள்வி: எங்கள் குழுவில் வாரம் 50 ரூபாய் சேமிக்கிறோம். இந்தச் சிறு தொகையால் ஒரு வீட்டின் பசி தீரும் என்று நீங்கள் எழுதியது மிகையாகத் தோன்றுகிறது. (வாசகி, ஊத்தங்கரை)

சந்தேகப்பட்டது நல்லது, சகோதரி. கணக்காகவே பார்ப்போம். பதினைந்து பேர் வாரம் 50 ரூபாய் சேர்த்தால் வாரத்துக்கு 750 ரூபாய், ஓராண்டுக்கு 39,000 ரூபாய். உங்கள் குழுவில் ஒருவருக்கு ஆடியில் 5,000 ரூபாய் தேவைப்படுகிறது, நிலக்கடலை எடுத்து விற்றுத் திருப்ப நான்கு மாதம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். ஊரில் மாதம் நூற்றுக்குப் பத்து வட்டிக்கு வாங்கினால் நான்கு மாதத்தில் வட்டி மட்டும் 2,000 ரூபாய். குழுவில் நூற்றுக்கு ஒன்று வட்டி என்றால் 200 ரூபாய். அந்த 200 ரூபாயும் குழுவின் கணக்கிலேயே சேர்கிறது. மிச்சமான 1,800 ரூபாய்க்கு, கேழ்வரகு கிலோ 45 ரூபாய் என்று கொண்டால், 40 கிலோ வாங்கலாம். ஐந்து பேர் உள்ள வீட்டில் நாளொன்றுக்கு இரண்டு கிலோ ஆனாலும் இருபது நாள் களி கிண்டலாம். வட்டிக்காரருக்குப் போயிருக்க வேண்டிய பணமே இருபது நாள் சாப்பாடாக மாறி வீட்டில் நிற்கிறது.

நம் பகுதியின் பசி ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். மானாவாரி நிலத்தில் தை மாதத்தில் தானியம் வீட்டுக்கு வருகிறது. மாசி, பங்குனியில் புளி தட்டும் வேலை கிடைக்கிறது. வைகாசிக்குப் பிறகு கையிருப்பும் கூலியும் சேர்ந்தே குறையத் தொடங்கும் நேரத்தில்தான் விதைக்கும் உழவுக்கும் பள்ளிக்கூடச் செலவுக்கும் பணம் வேண்டியிருக்கிறது. ஆண்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருப்பார்கள். அவர்கள் அனுப்பும் பணம் வந்து சேரும் வரை அடுப்பு காத்திருக்காது. அந்த இரண்டு மூன்று மாத இடைவெளியைக் கடக்க 500 ரூபாயும் 1,000 ரூபாயும்தான் தேவைப்படுகின்றன. இவ்வளவு சிறிய தொகையை, கேட்ட அன்று மாலையே, எந்த அடமானமும் இல்லாமல் தர எந்த வங்கியாலும் முடியாது, உங்கள் குழுவால் முடியும்.

ஆனால் இதற்கு ஒரு தடை இருக்கிறது. அரூர் வட்டத்தில் ஒரு குழுவுக்குப் பல ஆண்டுகள் கணக்கு எழுதியவள் என்பதால் அதை நேரில் கண்டிருக்கிறேன். கடன் புத்தகத்தில் ‘காரணம்’ என்று ஒரு பத்தி உண்டு. அதில் எங்கள் பெண்கள் ‘மருத்துவம்’, ‘மாட்டுத் தீவனம்’, ‘பள்ளிச் செலவு’ என்றுதான் எழுதச் சொல்வார்கள். ஓர் ஆடி மாத மாலையில், பள்ளிக்கூடத் திண்ணையில் கூட்டம் நடந்தபோது, ஒரு பெண் 400 ரூபாய் கேட்டார். காரணம் கேட்டேன். ஆட்டுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்றார். அவர் வைகாசியிலேயே ஆடுகளைச் சந்தையில் விற்றுவிட்டது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. குழுவில் மூத்தவரான ஓர் அம்மா, “ஆடு ஏது கண்ணு உனக்கு? கேவுரு வாங்கன்னே எழுதச் சொல்லு, இதுல என்ன இருக்குது” என்றார். நான் ‘கேழ்வரகு வாங்க’ என்று எழுதினேன். அன்றைக்கே இன்னும் மூன்று பேர் அதே காரணத்தைச் சொல்லிக் கடன் கேட்டார்கள். கூட்டம் முடிந்து எழும்போது ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முன்பு ‘மருத்துவம்’ என்று எழுதிய பக்கத்தைத் திருத்த முடியுமா என்று கேட்டார்.

சாப்பாட்டுக்கு வாங்கும் கடன் வீண் கடன், தொழிலுக்கு வாங்கும் கடனே நல்ல கடன் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லப்பட்டதைக் கேட்டு வளர்ந்த குழுக்கள் நம்முடையவை. அந்தப் பாடத்தை நான் ஏற்கவில்லை. குழுவின் சொந்தச் சேமிப்பை எதற்குக் கடன் கொடுப்பது என்பதை முடிவு செய்யும் உரிமை உறுப்பினர்களுக்கே இருக்கிறது. வயிறு காய்ந்து கிடக்கும் வீட்டில் வாங்கிக் கட்டிய கறவை மாட்டையும் மூன்றே மாதத்தில் விற்றுச் சாப்பிடத்தான் நேரிடும்.

கேள்வி: வங்கியில் இலட்சக்கணக்கில் கடன் கிடைக்கும்போது, குழுச் சேமிப்பிலிருந்து உறுப்பினர்களுக்கு உள்கடன் கொடுத்து நேரத்தை ஏன் வீணாக்க வேண்டும்? (குழுப் பிரதிநிதி, பாலக்கோடு)

வங்கிக் கடனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. மகளிர் குழுக்களுக்கு 3 இலட்சம் ரூபாய் வரை ஆண்டுக்கு 7 விழுக்காடு வட்டியில் கடன் கிடைப்பதும், 10 இலட்சம் வரை பிணையம் கேட்கக்கூடாது என்பதும் பெரிய உரிமைகள், தவறாமல் பயன்படுத்துங்கள். ஆனால் வங்கி முதலில் பார்ப்பது பஞ்ச சூத்திரத்தைத்தான்: தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன், உரிய காலத்தில் திருப்புதல், முறையான கணக்கு. நடுவில் இருக்கும் உள்கடனை விட்டுவிட்டு, சேமிப்பை வங்கியில் அப்படியே போட்டு வைக்கும் குழுக்களை நிறையப் பார்த்துவிட்டேன். அந்தப் பணம் சேமிப்புக் கணக்கில் சொற்ப வட்டிக்குத் தூங்குகிறது. அதன் சொந்தக்காரியோ அடுத்த தெருவில் பத்து வட்டிக்குக் கடன் வாங்குகிறாள்.

கேள்வி: எங்கள் மலைக் கிராமத்தில் பணப் புழக்கம் குறைவு. பணத்துக்குப் பதிலாகத் தானியமாகவே சேர்த்து வைக்க முடியுமா? (வாசகி, அஞ்செட்டி)

முடியும். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. பிடியரிசி நமக்குப் பழக்கமான சொல். உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனியே போட்டு வைப்பது பல வீடுகளில் இருந்த வழக்கம். மிசோரத்தில் தேவாலய மகளிர் நூறாண்டுகளுக்கும் மேலாக இப்படி ஒரு பிடி அரிசி சேர்த்துப் பொதுப் பணிகளை நடத்தி வருகிறார்கள். தெலங்கானாவின் ஜகீராபாத் பகுதியில் தக்காண வளர்ச்சிச் சங்கத்தின் தலித் பெண்கள் தரிசு நிலங்களைத் திருத்திச் சோளம் விளைவித்து, ஊரிலேயே சேமித்து, ஊரில் யார் மிகவும் ஏழை என்பதைத் தாங்களே கூடி முடிவு செய்து, அவர்களுக்குக் குறைந்த விலையில் வழங்கிக் காட்டினார்கள். அந்தச் சங்கத்துக்கு 2019-இல் ஐக்கிய நாடுகளின் ஈக்குவேட்டர் பரிசு கிடைத்தது.

நம் மாவட்டங்களுக்கு இது இன்னும் எளிது. கேழ்வரகும் சாமையும் நம்மிடமே விளைகின்றன. கேழ்வரகு நன்றாகக் காய்ந்திருந்தால் ஆண்டுக்கணக்கில் பூச்சி விழாமல் இருக்கும் தானியம். முன்னோர் அதைக் குழி வெட்டிக்கூடச் சேமித்தார்கள். சாமையையும் தினையையும் உமி நீக்காமல் வைத்துத் தேவைப்படும்போது குத்திக்கொள்ள வேண்டும். குத்தி வைத்தால் சில வாரங்களிலேயே சிக்கு வாடை வந்துவிடும். நிலக்கடலையை மட்டும் இந்தப் பொதுக் குதிரில் சேர்க்காதீர்கள். ஈரம் பட்டால் பூஞ்சை பிடித்து நச்சாகும், கண்ணுக்கும் எளிதில் தெரியாது.

நடைமுறை இப்படி இருக்கலாம். தை அறுவடையில் ஒவ்வொருவரும் 10 கிலோ கொடுத்தால் இருபது பேருக்கு 200 கிலோ சேரும். களத்திலேயே வியாபாரியிடம் அளந்துவிட்டு ஆடியில் அதே கேழ்வரகைக் கூடுதல் விலைக்கு வாங்குகிறோமே, அந்த இழப்பு இதிலேயே பெருமளவு நின்றுவிடும். ஆடியில் வாங்கியவர் தையில் திருப்பும்போது பத்து கிலோவுக்கு ஒரு கிலோ கூட்டித் தரட்டும். எலிக்கும் தூசிக்கும் போகிற சேதாரத்தை அது ஈடு செய்யும். அதற்கு மேல் வட்டி வைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மூட்டைகளைத் தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்குங்கள். நொச்சி இலையும் வேப்பிலையும் காய வைத்து இடையில் போடுங்கள். சாவி ஒருவரிடமும் அளவுப் புத்தகம் மற்றொருவரிடமும் இருக்கட்டும். ஒரே வீட்டில் இரண்டும் இருந்ததால் உறவு முறிந்த குழுக்கள் உண்டு.

குழுப் பணத்தைக் கொண்டு தையில் உறுப்பினர்களிடமே தானியம் வாங்கி வைப்பதும் நல்ல வழி. அப்போது அரசு அறிவித்த ஆதரவு விலையைக் கேட்டறிந்து, அதற்குக் குறையாமல் கொடுங்கள். 2025–26-ஆம் பருவத்துக்குக் கேழ்வரகு குவிண்டால் 4,886 ரூபாய். தருமபுரி மாவட்ட நியாயவிலைக் கடைகளில் 2023 முதல் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கும் ஏற்பாடும் வந்திருக்கிறது. கிருஷ்ணகிரி எல்லையில் இருக்கும் நீங்கள் அதை உங்கள் கிராம சபையில் கோரிக்கையாக வைக்கலாம்.

கேள்வி: குழுவில் நான் வாங்கும் கடனை என் வீட்டுக்காரர் வாங்கிக்கொள்கிறார். தவணை மட்டும் நான் கூலி வேலைக்குப் போய்க் கட்டுகிறேன். வீட்டில் சாப்பாட்டு நிலைமை முன்பைவிட மோசமாகிவிட்டது. (வாசகி, மொரப்பூர்)

சகோதரி, தாங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். குழுக்களால் பெண்கள் முன்னேறிவிட்டார்கள் என்று மேடையில் பேசும் எல்லோரும் தங்கள் கடிதத்தைப் படிக்க வேண்டும். பெண்ணின் பெயரில் கடன் வருவதும் அந்தப் பணத்தின் மேல் அவளுக்கு அதிகாரம் இருப்பதும் ஒன்றல்ல.

தனியாக வீட்டில் எதிர்த்து நிற்கச் சொல்லி அறிவுரை கூற எனக்கு மனமில்லை. அதன் விலையைத் தாங்கள்தான் கொடுக்க வேண்டியிருக்கும். குழுவின் வழியாகவே செய்யக்கூடியவை சில உண்டு. இனி எடுக்கும் கடனில் உணவுக்கான பங்கைப் பணமாகத் தராமல், குழுவினர் இருவர் உடன் வந்து தானியமாகவே வாங்கித் தருவது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். எல்லா உறுப்பினர்களுக்கும் பொதுவான விதியாக அது இருந்தால், தங்கள் வீட்டில் யாரும் தங்களைக் குறை சொல்ல முடியாது. ‘சங்கத்துச் சட்டம் அப்படி’ என்று சொல்லிவிடலாம். வீட்டில் அடி, மிரட்டல் இருக்குமானால் தயங்காமல் 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழையுங்கள்.

இன்னொன்றையும் கேட்க விரும்புகிறேன். தாங்கள் கடைசியாகச் சாப்பிடுகிறவரா? 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. பானையில் தானியம் இருந்தும் தனக்கென எடுத்துக்கொள்ளாத பழக்கத்துக்கும் இதில் பங்குண்டு. தங்கள் குழு மாதம் ஒரு கூட்டத்திலாவது, ‘நேற்று இரவு என்ன சாப்பிட்டீர்கள்’ என்று ஒவ்வொருவரையும் கேட்டு, வந்த பதிலைப் புத்தகத்தில் எழுதி வைக்கட்டும்.

கேள்வி: எங்கள் உறுப்பினர்கள் மூவர் தனியார் நுண்கடன் நிறுவனங்களிலும் கடன் வாங்கியிருக்கிறார்கள். வாரத் தவணை கட்டுவதற்காக மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டார்கள். வசூலுக்கு வருபவர்கள் இரவிலும் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். (ஊக்குநர், பர்கூர்)

இரவில் வந்து உட்காருவது விதிமீறல். ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் முதல் நடைமுறைப்படுத்திய விதிகளின்படி, நுண்கடன் வாங்கியவரைக் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ வசூலுக்காகத் தொடர்புகொள்ளக் கூடாது. வசூல், இரு தரப்பும் ஒப்புக்கொண்ட இடத்தில்தான் நடக்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு முறையோ அதற்கு மேலோ அங்கே வராதபோதுதான் வீட்டுக்கு வரலாம். ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்கும் சேர்த்து மாதத் தவணை, அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. மதியச் சாப்பாட்டை விடுமளவுக்கு ஒரு வீட்டில் தவணை ஏறியிருந்தால், கடன் கொடுத்தபோதே இந்த வரம்பு பார்க்கப்படவில்லை என்று சந்தேகிக்க இடமிருக்கிறது. முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுத்து நகலை வைத்துக்கொள்ளுங்கள். முப்பது நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கு வழிகாட்டும் எண் 14448. வற்புறுத்தி வசூலிப்பதைத் தடுக்க 2025-இல் தமிழ்நாடு அரசும் தனிச் சட்டம் கொண்டுவந்திருக்கிறது. மிரட்டல் இருந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.

மூவரின் கடன்களையும் ஒரே தாளில் எழுதி, வட்டி கூடுதலானதை முதலில் அடைக்கக் குழு உள்கடன் கொடுக்க முடியுமா என்றும் பாருங்கள். அதற்குள் அவர்கள் வீட்டுக்கு ஒரு மாதத் தானியத்தைக் குழுவே வாங்கித் தருவது அவசரத் தேவை.

கேள்வி: கணவரை இழந்த ஒரு பெண், சேமிப்புத் தொகை கட்ட முடியாமல் எங்கள் குழுவிலிருந்து விலகிவிட்டார். விதிப்படி ஐந்து வாரம் கட்டாதவரை நீக்கிவிட்டோம். செய்தது சரிதானா என்று மனம் உறுத்துகிறது. (வாசகி, பென்னாகரம்)

விதிப்படி சரி. ஆனால் மனம் உறுத்துவது நியாயமானது, அதை அடக்கிவிடாதீர்கள். எல்லா ஊரிலும் குழுவை விட்டு முதலில் வெளியேறுபவர், அந்தக் குழு யாருக்காகத் தொடங்கப்பட்டதோ அவராகவே இருக்கிறார். ஒழுங்காகக் கட்டுபவர்கள் மட்டும் எஞ்சிய குழுவுக்கு வங்கியில் நல்ல தரம் கிடைக்கிறது, பாராட்டும் கிடைக்கிறது. பசித்தவள் கணக்கிலேயே இல்லாமல் போய்விடுகிறாள்.

உங்கள் ஊராட்சி அளவிலான மகளிர் குழுக் கூட்டமைப்பில் நலிவுற்றோருக்கான நிதி இருக்கிறதா என்று கேளுங்கள். உணவுத் தட்டுப்பாடு, நோய் போன்ற நெருக்கடிகளுக்காகவே ஊரக வாழ்வாதார இயக்கத்தில் அந்த நிதி வைக்கப்பட்டது. கேட்பார் இல்லாமல் பல இடங்களில் பயன்படாமல் கிடக்கிறது. அவருக்கு மாதம் 1,200 ரூபாய் விதவை உதவித்தொகை வருகிறதா, குடும்ப அட்டை, மிக ஏழைகளுக்கான அந்தியோதயா வகைக்கு மாறினால் 35 கிலோ அரிசி பெறத் தகுதியுண்டா என்பதையும் யாராவது உடன் சென்று விசாரிக்க வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்துக்குத் தனியாக ஒரு முறை போய்த் திரும்பினால் அவருக்கு ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் போய்விடும். அந்தச் செலவைக் குழு ஏற்கலாம்.

விதியையும் மாற்ற முடியும். வைகாசி முதல் ஆவணி வரை சேமிப்புத் தொகையை 10 ரூபாயாகக் குறைத்து, தையில் ஈடுகட்டலாம் என்று எழுதினால் போதும். பணமாக முடியாதவர் புளி தட்டும் பருவத்தில் கூலியாகக் கிடைக்கும் புளியாகவோ, கூட்ட நாளில் கணக்குப் புத்தகங்களைக் கொண்டுவந்து வைக்கும் வேலையாகவோ ஈடு செய்யட்டும். அடுத்த கூட்டத்துக்கு முன்பாகவே இருவர் அவர் வீட்டுக்குப் போங்கள். சேமிப்புப் பாக்கியைப் பற்றிப் பேச வேண்டாம். ஒரு படி கேழ்வரகு மாவு கொண்டுபோங்கள். அவருடைய பழைய பாஸ் புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள். அதில் அவர் பெயர் இன்னும் அடிக்கப்படாமல் இருந்தால் அப்படியே அவர் கையில் கொடுங்கள்.